டெஸ்ட் பெஞ்சைக் கழற்றிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், நீரோட்டத்தையும் உலோகம் உடைவதையும் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறைகளைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்த மாதிரி விஷயத்துக்குத் தமிழ் நாளிதழில் ஒரு பக்கம் கிடைப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், இனி செய்து பார்த்துச் சோதிக்கும் காலமெல்லாம் முடிந்தது, எல்லாவற்றையும் திரையிலேயே பார்த்துவிடலாம் என்கிற பொருளில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் முதலாளியின் மகன் திங்கட்கிழமை காலையில் என்னிடம் வந்து, பம்பை ஓட்டிப் பார்த்து அளக்கும் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் இடத்தைக் குடோனாக்கிவிடலாமா என்று கேட்டார். பாதி விளையாட்டுதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோவை கணபதியில் ஒரு சிறிய பம்ப் கம்பெனியில் டிசைன் பார்க்கிறேன். படித்தது எம்.எஸ்சி. கணிதம். கல்லூரியில் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இங்கே வந்து தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரும் அதைத் தாங்கிச் சுழலும் தண்டான ஷாஃப்ட்டும் வரைகிறேன். எனக்குச் சோறு போடுவதே கணக்குதான். ஆகவே கணக்குக்கு எதிராகப் பேச வந்தவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் எப்படி ஓடும் என்பதற்கான சமன்பாட்டை நேவியர் 1822-லும் ஸ்டோக்ஸ் 1845-லும் எழுதிவிட்டார்கள். எழுதியது எழுதியதுதான், அதைப் பொதுவாகத் தீர்க்க இன்றுவரை ஆள் இல்லை. முப்பரிமாணத்தில் அதற்கு ஒழுங்கான தீர்வு எப்போதும் இருக்கிறதா என்று நிரூபித்தாலே 10 லட்சம் டாலர் தருவதாக அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-ல் அறிவித்தது. பணம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் நாங்கள் செய்வது வேறு வேலை. பம்புக்குள் தண்ணீர் இருக்கும் இடத்தைப் பல லட்சம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வருவதும் போவதும் சரியாக இருக்கிறதா என்று கணினியைப் பார்க்கச் சொல்வோம். அழுத்தத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றித் திருத்திச் சரிக்கட்டும் வழியை 1972-ல் இந்தியரான சுகாஸ் பதங்கரும் அவருடைய லண்டன் பேராசிரியர் ஸ்பால்டிங்கும் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் அந்த முறைதான், அல்லது அதன் பிள்ளை பேரன்தான் ஓடுகிறது. உங்கள் கட்டுரையில் பதங்கரின் பெயர் இல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சிக்கல் கொந்தளிப்பில் வருகிறது. 1883-ல் மான்செஸ்டரில் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது நூல் பிடித்த மாதிரி நேராகப் போன சாயம், வேகம் கூடியதும் குழாய் முழுக்கக் கலங்கிப் போயிற்று. எங்கள் 190 மி.மீ. இம்பெல்லரின் விளிம்பு நிமிடத்துக்கு 2,880 சுற்று வேகத்தில் வினாடிக்கு 28 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அங்கே எல்லாமே கலக்கம்தான். அத்தனை சுழலையும் ஒன்றுவிடாமல் கணக்கிட எங்களைப் போன்ற கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சராசரி எடுக்கிறோம். சராசரி எடுத்தால் தெரியாத எண்கள் கூடிவிடும், சமன்பாடு போதாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத் தோராயமான ஒரு கணித மாதிரியை நுழைக்கிறோம். தொழிலில் அதிகம் புழங்குகிற மாதிரியின் மாறிலிகள் 0.09, 1.44, 1.92 என்று போகும். 1974-ல் லாண்டரும் ஸ்பால்டிங்கும் எழுதிய கட்டுரையில் இருப்பவை. இவை எங்கிருந்து வந்தன? எந்தச் சமன்பாட்டிலிருந்தும் பிறக்கவில்லை. காற்றுச் சுரங்கங்களிலும் குழாய்களிலும் அளந்து பார்த்து, அளவோடு பொருந்தும்படி வைத்தவை. அதாவது சோதனைக்கூடம் வேண்டாம் என்று சொல்கிற மென்பொருளின் வயிற்றுக்குள்ளேயே யாரோ ஒருவருடைய சோதனைக்கூடம் இருக்கிறது. அவர்கள் அளந்தது நேர்ச் சுவரையும் எளிய ஓட்டத்தையும். இம்பெல்லரைச் சுற்றியுள்ள நத்தைக்கூடு மாதிரியான உறையை வால்யூட் என்போம்; எங்கள் வால்யூட்டின் நாக்குப் பகுதியில் தண்ணீர் திரும்பிச் சுழல்வதை அவர்கள் அளக்கவில்லை.

என் அனுபவத்தில், பம்ப் எந்த அளவு தண்ணீருக்கு வடிவமைக்கப்பட்டதோ அதை ஒட்டி ஓடும்போது கணக்கும் பெஞ்சும் சில சதவீத வித்தியாசத்தில் ஒத்துப் போகும். டெலிவரி வால்வை மூட மூடத்தான் இரண்டும் பிரிய ஆரம்பிக்கும். பெஞ்சில் நின்று கேட்டால் தெரியும். வால்வைப் பாதிக்குக் கீழே திருகியதும் பம்பின் சத்தம் மாறி ஒரு கரகரப்பு வரும், அழுத்தம் காட்டும் கேஜின் முள் நடுங்கும். திரையில் அந்த இடத்தில் பிரச்சினையே இல்லை என்கிற மாதிரி அழகான நீல நிறம் இருக்கும்.

இனி உடைவது பற்றி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து ஷாஃப்ட் உடைந்து ஒரு பம்ப் திரும்பி வந்தது. எந்தக் கம்பெனி பம்ப் என்பது இங்கே முக்கியமில்லை. இம்பெல்லர் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் 20 மி.மீ. தடிமன், அதற்குப் பின்னால் படி இறங்கும் மூலையில் கத்தரித்த மாதிரி துண்டாகியிருந்தது. எங்கள் ஃபோர்மேன் அதை மேசையில் வைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "அம்மிணி, இது ஒரே நாள்ல உடைஞ்சதில்லீங்க, பாருங்க" என்றார். உடைந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பு. மூலையில் ஒரு புள்ளியிலிருந்து பிறை பிறையாகக் கோடுகள் விரிந்து போயிருந்தன. எதிர் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சொரசொரப்பு. வழவழப்பான இடம் விரிசல் மெதுவாக ஊர்ந்து வந்த பாதை. சொரசொரப்பு, கடைசியில் மிச்சமிருந்த இரும்பு தாங்க முடியாமல் ஒரே அடியில் பிய்ந்த இடம். அந்தச் சொரசொரப்பு சின்னதாக இருந்தால், ஷாஃப்ட்டின் மேல் இருந்த சுமை பெரிதில்லை என்று பொருள். சின்னச் சுமை, ஆனால் விடாத சுமை.

அந்தச் சுமை எங்கிருந்து வந்தது என்பதற்குத் தண்ணீரின் கணக்குக்கே திரும்பிப் போக வேண்டும். தோப்பில் சொட்டுநீர்ப் பாசனம். ஒரு நேரத்தில் ஒரு பகுதி வால்வை மட்டும்தான் திறப்பார்கள். பம்ப் தரக்கூடிய தண்ணீரில் கால்வாசி, மிஞ்சினால் 30 சதவீதம்தான் வெளியே போகும். ஒற்றை வால்யூட் பம்பில் தண்ணீர் குறையும்போது இம்பெல்லரைச் சுற்றி அழுத்தம் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலுக்குப் பம்ப் நிபுணர் ஸ்டெபனாஃப் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்: முழு அளவு தண்ணீரில் தள்ளல் பூச்சியம், வால்வு மூடியிருந்தால் உச்சம், அப்போது குணகம் 0.36. இடையில் தண்ணீரின் விகிதத்தின் இருபடிப்படி குறையும். 30 சதவீதத் தண்ணீர் என்றால் உச்சத்தில் 91 சதவீதம் வந்துவிடும். 40 மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது தண்ணீரை ஏற்றும் உயரத்துக்கு, கணக்குப் போட்டால் எங்கள் அளவு இம்பெல்லரில் ஏறத்தாழ 50 கிலோ எடை தொங்குகிற மாதிரி. ஷாஃப்ட்டில் அதனால் வரும் தகைவு, அதாவது குறிப்பிட்ட பரப்பின் மேல் விழும் விசை, 60 மெகாபாஸ்கல் சொச்சம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் எந்த இன்ஜினீயரும் பயப்பட மாட்டார்.

ஆனால் தள்ளுகிற திசை மாறாது, ஷாஃப்ட் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு இடமும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நசுங்குகிறது. நிமிடத்துக்கு 2,880 தடவை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 13,82,400 தடவை. ஏழெட்டு நாளில் 1 கோடி தாண்டிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வோலர் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துப் பார்த்தது இந்த மாதிரிச் சுமையைத்தான். இரும்பு ஒருமுறை தாங்குகிற சுமை வேறு, கோடி முறை தாங்குகிற சுமை வேறு என்பதைக் காட்டியவர் அவர். அதற்கு மேல் மூலையில் தகைவு பல மடங்காகக் குவியும். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்டிலிருந்து கசியும் தண்ணீர் துருவை உண்டாக்கித் தாங்கும் திறனை இன்னும் குறைக்கும்.

இங்கே நானும் கணினியில் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தின்படி அந்த மூலைக்கு 1 மி.மீ. வளைவு இருந்திருக்க வேண்டும். லேத்தில் கடைந்தவர் வளைவு இல்லாமல் கூர்மையாக விட்டிருந்தார். கூர்மையாக இருந்தபடியே மாதிரி செய்து ஓட்டினால் மூலையில் 150 மெகாபாஸ்கல் வந்தது. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக வெட்டிய கட்டங்களின் அளவை, பாதியாக நுணுக்கினேன், 205. மறுபடியும் பாதி, 280. இப்படியே போனால் எங்கேயும் நிற்காது. ஏனென்றால் முழுக்கூரான உள்மூலையில் மீள்தன்மைக் கோட்பாட்டின்படி தகைவு எல்லையில்லாமல் ஏறும். கணினி ஒவ்வொரு முறையும் அந்த எல்லையின்மையில் தனக்கு எட்டிய அளவைச் சொல்லும். இந்த மூன்றில் எது சரி என்று கேட்டால், மூன்றும் இல்லை. அச்சிட்ட ரிப்போர்ட்டில் முதல் படத்தை மட்டும் ஒட்டி, 150 தான், பாதுகாப்பானது என்று எழுதினால் கேட்பாரில்லை. சிவப்பிலிருந்து நீலம் வரை எல்லா நிறமும் அதிலும் இருக்கும்.

இந்த எல்லையின்மையை எப்படிக் கையாள்வது என்பதில்தான் உடைவுக் கணிதத்தின் அழகே இருக்கிறது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கிரிஃபித், விரிசலின் முனையில் தகைவு எவ்வளவு என்று கேட்பதையே விட்டுவிட்டார். விரிசல் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் எவ்வளவு ஆற்றல் விடுபடும், புதுப் பரப்பு உண்டாக்க எவ்வளவு செலவாகும் என்று வரவு செலவு பார்த்தார். கண்ணாடியை வைத்து 1921-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, விரிசல் நான்கு மடங்கு நீளமானால் தாங்கும் தகைவு பாதியாகும். இரண்டாம் உலகப் போரில் பற்றவைத்துக் கட்டிய கப்பல்கள் பிளக்க ஆரம்பித்ததும்தான் உலகம் இதைத் தேடிப் போனது. 1943 ஜனவரியில் ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத துறைமுகத்தில் கட்டிப் போட்ட இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. பிறகு அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் இர்வின், விரிசல் முனையின் நிலவரத்தை ஒரே எண்ணால் சொல்ல வழி செய்தார். அந்த எண் மெஷ்ஷை நுணுக்கினால் ஓடாது, ஒரு இடத்தில் வந்து நிற்கும். பால் பாரிஸ் அதே எண்ணை வைத்து, ஒரு சுழற்சிக்கு விரிசல் எவ்வளவு வளரும் என்று சொன்னார். பெரிய ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பியதால் அவர் கட்டுரை 1961-ல் ஒரு பல்கலைக்கழக இதழில்தான் வந்தது. இன்று விமானத்துக்கு எத்தனை பயணத்துக்கு ஒருமுறை விரிசல் பரிசோதனை என்று முடிவு செய்வதில் அந்த விதிக்குப் பங்கு இருக்கிறது.

அந்த விதியில் ஒரு அடுக்கு எண் வரும், எஃகுக்கு ஏறத்தாழ 3. தகைவு இரண்டு மடங்கானால் விரிசல் எட்டு மடங்கு வேகமாக வளரும். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள், தாளும் பேனாவும் போதும். பெரிய தகடு ஒன்றில் கால் மில்லிமீட்டர் விரிசல் 10 மி.மீ. ஆகும்வரை எடுத்துக்கொள்ளும் காலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முதல் 1 மில்லிமீட்டரைத் தாண்டுவதற்கே போய்விடும். கண்ணில் படும்போது ஆயுளில் பாதிக்கு மேல் கழிந்திருக்கும். இதை எந்த டெஸ்ட் பெஞ்சும் சொல்லாது. கணக்குதான் சொல்லும். ஆனால் அந்த 3 என்ற எண்ணும், அதோடு வரும் இன்னொரு மாறிலியும் கணக்கில் கிடைக்காது. ஒரு துண்டு இரும்பை இயந்திரத்தில் மாட்டி, இழுத்து விட்டு இழுத்து விட்டு அளந்தால்தான் கிடைக்கும்.

தண்ணீரும் விரிசலும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஷாஃப்ட் சின்ன உதாரணம். பெரியது ரஷ்யாவில், யெனிசெய் ஆற்றின் மேல் உள்ள சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். 10 டர்பைன்கள், ஒவ்வொன்றும் 640 மெகாவாட். 2009 ஆகஸ்ட் 17 காலை 2-ஆம் எண் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அறுந்தன. மூடியும் சுழலியும் மேலே தூக்கி எறியப்பட்டு, தண்ணீர் இயந்திரக் கூடத்துக்குள் பாய்ந்தது. 75 பேர் இறந்தார்கள். மூடிக்கு இருந்த 80 போல்ட்டுகளில் கிடைத்த 49-ஐ ஆராய்ந்தபோது 41-ல், திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் நாள்பட்டு இருந்தது. சிலவற்றில் குறுக்குவெட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்கெனவே போயிருந்தது. அந்த டர்பைனுக்கு, இந்த மின்அளவுக்கும் இந்த மின்அளவுக்கும் இடையில் ஓட்டாதீர்கள் என்று ஒரு வட்டாரம் குறிக்கப்பட்டிருந்தது. மின்கட்டமைப்பின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க அந்த வட்டாரத்துக்குள் போய்ப் போய் வந்தது இயந்திரம்.

அந்த வட்டாரத்தில் என்ன நடக்கிறது? குறைவான ஓட்டத்தில் டர்பைனின் சுழலிக்குக் கீழே குழாயில் தண்ணீர் கயிறு மாதிரி முறுக்கிச் சுழலும். ரெய்ன்கன்ஸ் என்ற பொறியாளர் 1940-ல் மின் நிலையங்களில் அளந்து ஒரு எளிய விதி சொன்னார்: அந்தக் கயிற்றின் வேகம், டர்பைன் வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் வரும். இந்த டர்பைனின் வேகம் நிமிடத்துக்கு 142.8 சுற்று. வகுத்தால் நிமிடத்துக்கு 40 துடிப்பு. இன்றைக்கு இந்தச் சுழற்கயிற்றை மணிக்கணக்கில், நாள்கணக்கில் கணினியில் ஓட்டி அழகாகவே காட்டுகிறார்கள், சரியாகவும் வருகிறது. ஆனால் நேரத்தோடு மாறும் ஓட்டத்தில் கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, நேரப் படியையும் பாதியாக்க வேண்டும் என்பதால் வேலை 16 மடங்கு. நேரப் படிக்கு இப்படி ஒரு வரம்பு உண்டு என்று 1928-லேயே கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொல்லிவிட்டார்கள். கணினி வருவதற்கு முன்பே! எங்களைப் போன்ற கம்பெனி அந்த 16 மடங்குக்குப் பயந்துதான் பெரிய கட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இதையும் வெட்கப்படாமல் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

முதலாளி மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பெஞ்ச் ஹெட்டையும், வெளியேறும் தண்ணீரின் அளவான டிஸ்சார்ஜையும், கரண்டையும்தான் காட்டும். உள்ளே எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைக் காட்டாது. அதற்குக் கணக்கு வேண்டும். கணக்கு எந்த இடத்தில் கை கொடுக்கிறது, எந்த இடத்தில் கழுத்தறுக்கிறது என்று தெரிய பெஞ்ச் வேண்டும். குடோனுக்கு வேறு இடம் பார்க்கலாம். அப்புறம், பழைய கேஜை மாற்றி, நடுக்கத்தைப் பதிவு செய்கிற ஒரு அழுத்த உணரியும் வாங்கித் தரச் சொன்னேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட் பார்க்க என்னை ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் காட்டிய படங்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. மெஷ்ஷைப் பாதியாக்கிப் பார்த்தாயா என்று கேட்டால், "சாஃப்ட்வேரே போட்டுக்கொடுத்துச்சுங்க மேடம்" என்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கேட்கச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை. இதற்குப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். ஒரு 10 மி.மீ. கம்பியில் ரம்பத்தால் சின்ன வெட்டுப் போட்டு, மோட்டாரில் மாட்டி, ஓரத்தில் எடை தொங்கவிட்டு உடையும்வரை சுழற்றட்டும். எத்தனை சுற்றில் உடைந்தது என்று எண்ணட்டும். அதே கம்பியைக் கணினியிலும் உடைக்கட்டும். இரண்டு எண்ணும் ஒத்துப் போகாது. ஏன் ஒத்துப் போகவில்லை என்று நான்கு பக்கம் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

சொட்டுநீர் போட்டிருக்கும் விவசாயிகளுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பம்ப் வாங்கும்போது ஹெச்பியை மட்டும் கேட்காதீர்கள். ஒரு நேரத்தில் எத்தனை பகுதி திறப்பீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லி, அந்தத் தண்ணீருக்கு ஏற்ற பம்பைக் கேளுங்கள். ஏற்கெனவே பெரிய பம்ப் இருந்தால் இரண்டு பகுதியை ஒன்றாகத் திறந்து ஓட்டுங்கள், அல்லது மிச்சத் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பிவிட ஒரு பைபாஸ் வையுங்கள். கரண்ட் கொஞ்சம் வீணாகும்தான். ஷாஃப்ட் பிழைக்கும்.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியிட்ட வண்ணப் படத்தில் எந்த நிறத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று காட்டும் அளவுகோல் வெட்டப்பட்டிருந்தது. சிவப்பு என்றால் 10 மெகாபாஸ்கலா 1,000 மெகாபாஸ்கலா என்று தெரியாத படம் கோலமாகத்தான் இருக்கும். அடுத்த முறை அந்த ஓரப் பட்டையையும் சேர்த்து அச்சிடுங்கள். எந்தச் சோதனையோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் படத்தின் கீழே ஒரு வரியில் போடுங்கள். ஒப்பிடவே இல்லை என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
பம்ப் டிசைன் பார்க்கும் வாசகி,
கணபதி, கோயம்புத்தூர்.